பட்டத்துக்கு ஒரு கையெழுத்து

பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பிரிவிலிருந்து அந்தத் தடித்த உறை வந்தபோது நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தபாற்காரர் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு ஜன்னல் வழியாகவே அதை நீட்டினார். முல்லைத்தீவு தனி மாவட்டமாகிச் சில காலந்தான் ஆகியிருந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. தண்ணீரூற்றுப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலையில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். உயர்தரப் பரீட்சையில் நான்கு பாடங்களும் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்துக்குள் போகப் புள்ளி போதவில்லை. வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் எடுக்கலாம், அதில் உளவியலை ஒரு பாடமாக எடுக்கலாம் என்று பத்திரிகையில் பார்த்து விண்ணப்பம் எழுதிப் போட்டிருந்தேன்.

உளவியலை நான் தேர்ந்த காரணம் பெருமைப்படக் கூடியதல்ல. முகத்தைப் பார்த்தே ஆட்களின் மனதை அறிந்துவிடுவேன் என்று அந்த வயதில் எனக்கொரு நினைப்பு. எந்தப் பிள்ளை பொய் சொல்கிறது, அம்மா எதை மறைக்கிறா என்பதெல்லாம் எனக்கு உடனே விளங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். அதற்கு ஒரு பட்டமும் கிடைத்தால் வேண்டாம் என்பேனா?

இடைவேளையில் உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரு கைநூல். முதற் பக்கத்திலேயே திகைத்துப்போனேன். முதல் வருடம் ஒரு தகுதிப் பரீட்சை. அதில் தப்பினால்தான் உளவியல் பக்கமே போகலாம். போனால் அங்கே புள்ளிவிபரவியல் என்று ஒரு முழு வினாத்தாள். மூளை, நரம்பு என்று இன்னொன்று. நினைவாற்றல் பற்றிய பரிசோதனைகளை நாமே செய்து எழுதி அனுப்ப வேண்டும். வாசிக்க வேண்டிய புத்தகங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில். எல்லாவற்றுக்கும் பின்னால் ‘தனியாள் ஆய்வு’ என்று ஒன்று. ஒரே ஓர் ஆளை ஆறு மாதத்துக்குக் குறையாமல் அவதானித்து, அவருடைய நடத்தைக்கு விளக்கம் எழுத வேண்டும். அதில் தவறினால் மற்றவற்றில் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் பட்டம் இல்லை.

அன்று பின்னேரம் ஐயாவிடம் அதைக் காட்டினேன். அவர் குடாநாட்டிலிருந்து வந்து, குளத்துத் திட்டத்தில் கிடைத்த காணியில் நெல் விதைக்கிறவர். கைநூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மனசைப் படிக்கிறதுக்கு ஏன் பிள்ளை கணக்கு?”

“எனக்கும் தெரியேல்லை ஐயா.”

“விசர் ஆக்களுக்கு மருந்து குடுக்கிற படிப்பெண்டெல்லோ நினைச்சனான்.”

“அது டொக்டர்மார் செய்யிறது.”

“அப்ப நீ என்ன செய்யப்போறாய்?”

நான் கைநூலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் பாடசாலை அதிபர் கணிதம் படித்தவர். பாடசாலை விட்ட பிறகு புள்ளிவிபரவியலுக்காகக் கரும்பலகையில் எனக்கு நியம விலகல் சொல்லிக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அர்த்தமில்லாத சொற்களை மனப்பாடம் செய்யக் கொடுத்து நினைவுப் பரிசோதனை செய்தேன். அவர்கள் அந்தச் சொற்களை வைத்து ஒருவரையொருவர் ஏசத் தொடங்கி, அதிபரிடம் நான் பேச்சு வாங்கினேன். எப்படியோ தகுதிப் பரீட்சையில் தப்பினேன்.

தனியாள் ஆய்வுக்கு ஆள் தேடி நான் அலையவில்லை. எங்கள் வயலுக்குக் களை பிடுங்க வருகிற பெண்களில் ஒருத்தி வாய் திறப்பதேயில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு, லொறிகளில் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. புருஷன் காட்டில் மரம் அரிகிற வேலைக்குப் போகிறவர். ஏழு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளையும் பேசாது. வயலில் எல்லோரும் தாயை ‘ஊமைச்சி’ என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

புருஷனை ஒருநாள் தெருவில் மறித்து, “இவ எப்ப துவங்கிக் கதைக்கிறேல்லை?” என்று கேட்டேன். தோளில் மரம் அரியும் வாளோடு நின்றவர், “கலவரத்துக்கு அப்புறந்தாங்க டீச்சர். முகாமுக்கு வந்தப்புறம் பேச்ச விட்டுருச்சு” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் ‘அப்புறம்’ என்று சொன்னதை நான் ‘அதனால்’ என்று கேட்டுக்கொண்டேன்.

பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது. பெருந்திகிலைக் கண்டவர்களில் சிலர் பேச்சை இழந்துவிடுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அந்த அத்தியாயமே எழுந்து எங்கள் வயலில் நின்று களை பிடுங்குவதாக எனக்குத் தோன்றியது. சந்தோஷப்பட்டேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது. ஆனால் சந்தோஷந்தான் பட்டேன்.

கிழமையில் இரண்டு நாள், பாடசாலை முடிந்ததும் அவர்களுடைய காணிக்குப் போவேன். அவள் முற்றத்தில் நிலக்கடலைக் கச்சான் உடைத்துக்கொண்டோ தென்னோலைக் கிடுகு பின்னிக்கொண்டோ இருப்பாள். நான் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து கொப்பியில் எழுதுவேன். “பயமா இருக்கோ?”, “நித்திரை வருமோ?” என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகவே கேட்பேன். சிலவேளை தலையாட்டுவாள். கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போது கொப்பியைத் திறந்தபடியே குற்றியில் வைத்துவிட்டுப் போவேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதென்பது எனக்கு நிச்சயம். அதை நான் யாரிடமும் கேட்டறியவில்லை.

எந்நேரமும் தெருவைப் பார்த்தபடியே உட்காருகிறாள், தாக்க வருகிறார்கள் என்ற அச்சம் என்று எழுதினேன். கைகளை நோக்கமில்லாமல் அசைக்கிறாள் என்று எழுதினேன். மகளை அடிக்கடி தொடுகிறாள், பிரிவைப் பற்றிய பதற்றம். திடீர் திடீரென்று குதிக்காலால் நிலத்தை உதைக்கிறாள், காரணமற்ற கோபம். இப்படிக் கொப்பி நிறைந்தது. அதிபரிடம் காட்டினேன். “நல்லா வந்திருக்கு பிள்ளை. அப்பிடியே புத்தகத்தில இருக்கிற மாதிரி இருக்கு” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அனுப்புவதற்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் கைநூலின் கடைசித் தாளைக் கவனித்தேன். அது ஒரு சம்மதப் படிவம். ஆய்வுக்கு உட்பட்டவர் அறிக்கையை வாசித்தோ வாசிக்கக் கேட்டோ அறிந்துகொண்டு, ஓர் அதிபரின் முன்னால் ஒப்பமிட வேண்டும். ஒப்பமில்லாத அறிக்கை ஏற்றுக்கொள்ளப்படாது. ஒரு சடங்குதானே என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டபின் வரும்படி புருஷன் மூலம் சொல்லி அனுப்பினேன். கைநாட்டு எடுப்பதற்கு மைப்பெட்டியை அதிபரின் மேசையில் எடுத்து வைத்தேன். பெருவிரலைத் துடைக்க ஒரு துணித்துண்டும் வைத்தேன்.

தோய்த்து உலர்த்திய சேலையோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அதிபர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை உரத்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டு வரி போவதற்குள் அவள் கையை நீட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கைநாட்டு வைக்கும் இடத்தைத் தேடுகிறாள் என்று நினைத்து, மைப்பெட்டியைத் திறந்து அவளுக்குக் கிட்டத் தள்ளினேன். அவள் அதன் மூடியை மூடினாள். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கண்களை ஓட்டினாள்.

“அறிக்கைய வாசிச்சுப் பாத்துட்டேன்னு இதுல எழுதியிருக்கே டீச்சர். நான் இன்னும் வாசிக்கலீங்களே. கொப்பியக் குடுங்க.”

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ வந்து பேசுகிறார்கள் என்றே நினைத்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. அதிபர் கதிரையிலிருந்து பாதி எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார்.

“நீங்கள் கதைப்பியளோ?” அதிபர்தான் கேட்டார்.

“பேசுவேங்க.”

“வாசிக்கவும் தெரியுமோ?”

“பத்து வரைக்கும் படிச்சேன் சார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.”

இதுவரைக்கும் அவள் என்று எழுதிவிட்டேன். அன்றுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் கொப்பியைக் கொடுத்தேன்.

அவசரப்படாமல் வாசித்தார். மகள் மேசையிலிருந்த பூகோள உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அது அச்சிலிருந்து கழலப் பார்த்தது. அவர் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே குதிக்காலால் சீமெந்துத் தரையில் இரண்டு தரம் தட்டினார். பிள்ளை சட்டென்று திரும்பியது. அவர் ஒரு கையைப் பரத்திக் கீழே இறக்கினார். பிள்ளை உருண்டையை விட்டுவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தது.

நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஆறு மாதமாக இதையே பார்த்திருக்கிறேன்.

“‘திடீர் திடீரென்று குதிக்காலால் நிலத்தை உதைக்கிறாள், காரணமற்ற கோபம்’” என்று அவர் என் வரியை வாசித்தார். “இவளுக்குக் காது கேக்காது டீச்சர். தரை அதிர்ந்தாத்தான் திரும்பிப் பாப்பா.”

“நீங்க கதைக்காததால அவவுக்கும் கதை வரேல்லையெண்டு...” என்று இழுத்தேன்.

“அதையும் வாசிச்சேன்.” பக்கத்தைத் திருப்பினார். “‘தாயின் மௌனம் பிள்ளையையும் ஊமையாக்கிவிட்டது.’ நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா தலைகீழா எழுதியிருக்கீங்க.”

பிறகு சொன்னார். முகாமில் பிள்ளைக்குப் பத்து நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டது, காதும் போயிற்று. அதுவரை நன்றாக மழலை பேசிய பிள்ளை. தாய் யாரோடாவது பேசினால் பிள்ளை ஓடிவந்து வாயைப் பொத்தும். அசைகிற உதடுகளைப் பார்த்துப் பார்த்து அழும்.

“தன்னை விட்டுட்டு எங்கியோ போறேன்னு நெனச்சுக்கிட்டா போல. ஒருநாள் முழுக்கப் பேசாம இருந்து பாத்தேன். அன்னைக்கி அவ அழல. சரி, ரெண்டு பேரும் கையாலயே பேசிக்குவோம்னு விட்டுட்டேன். அவ தூங்கினப்புறம் அவங்க அப்பாகூடப் பேசுவேன். தெருவப் பாத்து உக்காருறது, ட்ராக்டர் வந்தா இவளுக்குத் தெரியாதேன்னு. யாரும் அடிக்க வருவாங்கன்னு இல்ல.”

எனக்குக் கோபம் போல ஏதோ வந்தது. “என்னட்டை ஏன் முதலே சொல்லேல்லை?”

“நீங்க எங்கிட்ட எதக் கேட்டீங்க? எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்க. எங்கிட்ட தலையாட்டத்தான சொன்னீங்க?”

குரலை உயர்த்தாமலே இன்னொன்றும் சொன்னார். “இங்க வந்த புதுசுல உங்க வீட்டு வாசல்ல நின்னு, ‘குடிக்கத் தண்ணி குடுங்கம்மா’ன்னு கேட்டேன். உள்ளுக்குள்ள யாரோ அதே மாதிரி ராகமா சொல்லிக் காட்டிச் சிரிச்சாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க குரல். பேச்ச விடுறது எனக்கு ஒண்ணும் கஷ்டமா இருக்கல.”

எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் நானும் தங்கச்சியுந்தான். அப்படிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இல்லை. இன்றுவரைக்கும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வைக்க வேண்டிய ஒன்றாகவே அது அன்றைக்கு எனக்குப் பட்டிருக்காது என்பதை நினைக்கத்தான் நெஞ்சு திக்கென்கிறது.

அவர் ஒப்பமிடவில்லை. கொப்பியை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். “இதுல உள்ள பொம்பள நான் இல்லீங்க. ஆனா என்னைப் பத்தின்னு சொல்லித்தான எழுதினீங்க, எங்கிட்டயே இருக்கட்டும்.”

ஆறு மாத வேலை. நான் அதிபரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “அது அவவின்ரை சாமான், பிள்ளை” என்றார்.

வீட்டுக்குப் போய் ஐயாவிடம் சொன்னபோது அவர் குசினிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அந்த மனுசி கதைக்குமோ?”

“கதைக்கிறா ஐயா. வடிவாக் கதைக்கிறா.”

“கடவுளே! நாலு வருசமா எங்கட வயலில நிக்கிறவ. அவவுக்கு முன்னால நான் என்னெல்லாம் கதைச்சிருப்பன்!”

நாலு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் கொப்பி இல்லாமல் போனேன். மன்னிப்புக் கேட்கும் வசனங்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவர் கிடுகு பின்னியபடியே, “உக்காருங்க” என்றார். அவருடைய உதடு அசைவதைக் கண்டு பிள்ளை முகத்தைச் சுளித்தது. அவர் உடனே வாயை மூடிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

“எனக்கும் உந்தக் கைக்கதையைச் சொல்லித் தருவியளோ?” என்று மெல்லக் கேட்டேன்.

அவர் மகளைக் காட்டினார். அவள்தான் சொல்லித் தந்தாள். மழைக்கு விரல்களை உதிர்ப்பது, தகப்பனுக்கு மீசையைத் தடவுவது, பொய்க்கு நாக்கை உள்ளங்கையால் துடைப்பது. எனக்கும் அவள் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தாள். தலையைக் குனிந்து, எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், உள்ளங்கையில் விரலால் கிறுக்குகிறவள். அவள் அதைச் செய்து காட்டியபோது தாய் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது.

மூன்று கிழமைக்குள் புதிதாக ஓர் அறிக்கை எழுதினேன். தாயும் மகளும் தங்களுக்கென்று உண்டாக்கிய கைச்சொற்கள், அவை எப்படி உண்டாயின என்பது பற்றி. தாய் ஒவ்வொரு வரியாக வாசித்தார். ‘பரிதாபத்துக்குரிய’ என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, அதிபரின் முன்னால் முத்து முத்தான எழுத்தில் ஒப்பமிட்டார். முள்ளியவளைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதுவரை இப்படியொன்றை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்படவில்லை. முதலில் பதிந்து அனுப்பிய தாய்க்குப் பதிலாகத் தாயும் மகளும் என்று ஆய்வுக்குரிய ஆள் இடையில் மாற்றப்பட்டிருக்கிறார். புதிய ஆளை ஆறு மாதம் அவதானித்ததற்கு ஆதாரமில்லை. வேறொருவரைத் தெரிவுசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும். தபாற்காரர் போன பிறகும் கடிதத்தோடு வேப்பமரத்தடியில் நின்றேன். பொய்யாக எழுதிய அறிக்கையை அனுப்பியிருந்தால் சித்தியடைந்திருப்பேன். அந்த எண்ணம் என்னை உலுக்கிவிட்டது. கடிதத்தைத் தாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

இரண்டாந்தரம் நான் தேர்ந்தது ஐயாவை.

“என்னையோ? எனக்கென்ன விசரோ?”

“வேற ஆக்களை எழுத எனக்குப் பயமாக் கிடக்கு ஐயா.”

ஆறு மாதம் முடிந்து அறிக்கையை வாசித்தவர் இரண்டு வரியை வெட்டினார். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுக்காமல் அம்மாவோடு மட்டும் கதைத்தார். மூன்றாம் நாள் ஒப்பமிட்டுத் தந்தார். அந்த அறிக்கை சித்தியடைந்தது. கடைசிப் பரீட்சை எழுத வேண்டிய வருடம் எண்பத்து மூன்று; அந்த ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு பரீட்சை நடக்கிற தெற்குப் பக்கம் போக யாருக்குத் துணிவு வரும்? தள்ளித் தள்ளிப் போய், எண்பத்தெட்டில்தான் பட்டம் கைக்கு வந்தது. சாதாரண சித்தி. கணக்கில்தான் புள்ளி கூடுதல்.

அந்த வருடங்களில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பாடசாலை இருப்பதாக அறிந்து, அதற்குக் கடிதம் எழுதினேன். அந்த ஆடிக் கலவரத்துக்கு முந்திய தை மாதம், தாயும் மகளும் நானுமாக பஸ்ஸில் போனோம். அங்கே முற்றத்தில் முப்பது நாற்பது பிள்ளைகள் கையால் கதைத்துக்கொண்டு நின்றார்கள். மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உலகத்தில் கையால் கதைக்கிறவர்கள் தானும் தாயுமே என்று எண்ணியிருந்தவள். தாயின் முகத்தைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், பிறகு தாயின் கையை உதறிவிட்டு ஓடினாள். எங்களுக்குக் கையசைக்கக்கூட அவள் திரும்பவில்லை.

மகளை விடுதியில் விட்டுவிட்டுத் தாயும் நானும் திரும்பினோம். பரந்தனில் பஸ் மாறும்போது தேத்தண்ணி வேண்டுமோ என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் வயலில் இறங்கியதும் பேசத் தொடங்கினார். அவர் பேசுவார் என்று நானோ ஐயாவோ வெளியில் சொல்லியிருக்கவில்லை; பக்கத்தில் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு வரம்பில் ஏறிவிட்டார்கள். ஒருத்தி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அவர் நிறுத்தவில்லை. மகளைப் பற்றி, தோட்டத்தைப் பற்றி, லொறியில் வந்ததைப் பற்றி, அவர்களில் யார் யார் தன்னை முன்னால் வைத்துக்கொண்டே என்னென்ன ரகசியம் சொன்னார்கள் என்பதைப் பற்றி. மத்தியானத்துக்குள் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஐயா வரம்பில் நின்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வேலை முடிந்து எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கூப்பிட வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. தொண்டை முழுதாகக் கட்டிப்போயிருந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். நான் அவரை உள்ளே அழைத்து வந்து, கதிரையில் இருத்தி, கொத்தமல்லி அவிக்க அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.